போர்வையும் போர்க்கொடியும்

நவம்பர் திங்கள் இறந்தோரின் திங்கள். முதல் நாள் புனிதர் அனைவரையும் மறுநாள் இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூர்ந்து, கல்லறைகளைக் கழுவி வெள்ளையடித்து, மலர் தூவி மெழுகுதிரி ஏற்றும் நம் இறைமக்களுக்கு அம்மாதத்தின் பதினோராம் நாள் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. அது தூர் நகர ஆயர் புனித மார்ட்டினின் திருநாள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அந்நாளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1918 நவம்பர் 11 அன்று முற்பகல் 11 மணிக்குத்தான் முதல் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 90 இலட்சம் படைவீரர்களை விழுங்கிய போர் அது. விடியற்காலையிலேயே உடன்படிக்கையில் ஒப்பமிட்டுவிட்டார்கள். ஆயினும் குறித்த மணி அடிக்கும்வரை சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அமைதி உறுதியான பின்னும் அந்தச் சில மணி நேரத்தில் மாண்டவர்கள் பலர்.

இவ்விரு நினைவுகளும் ஒரே நாளில் வந்து சேர்ந்தது தற்செயலே. ஆயினும் அந்தத் தற்செயலில் ஒரு மறையுரையே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஏனெனில் மார்ட்டினும் ஒரு போர்வீரர்.

உரோமைப் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்த மார்ட்டின் இளவயதிலேயே படையில் சேர்க்கப்பட்டார். ஆமியேன் நகர வாயிலில், கடுங்குளிரில் நடுங்கிய ஏழை ஒருவனைக் கண்டு, தம் போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவனுக்குப் போர்த்தினார் என்ற வரலாறு நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதுதான். அன்றிரவு அந்தப் பாதிப் போர்வையை அணிந்தவராகக் கிறிஸ்துவே அவருக்குக் காட்சியளித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சல்பீசியஸ் செவேருஸ் கூறுகிறார். அதற்குப் பின் நடந்ததை நாம் அதிகம் சொல்வதில்லை. போர் ஒன்று நெருங்கிய வேளையில் மார்ட்டின் தளபதியின் முன் நின்று, தாம் இனிக் கிறிஸ்துவின் போர்வீரர் என்றும் ஆகவே போரிடுவது தமக்குத் தகாது என்றும் அறிவித்தார். கோழை என்று ஏசினார்கள். அப்படியானால் நாளை ஆயுதமின்றிப் படையின் முன்னணியில் நிற்கிறேன் என்றார். மறுநாள் எதிரிகள் சமாதானம் வேண்டித் தூது அனுப்பினார்கள், போர் நடக்கவில்லை.

அவர் வைத்துக்கொண்ட மற்றப் பாதிப் போர்வை என்னவாயிற்று? அதை மார்ட்டினின் திருப்பண்டமாகப் போற்றிய பிராங்கு இன அரசர்கள், போருக்குப் போகும்போது அதைத் தங்கள் படையோடு எடுத்துச் சென்றார்கள்! அது வெற்றி தரும் என்று நம்பினார்கள். இலத்தீன் மொழியில் அப்போர்வைக்குக் 'கப்பா' என்று பெயர். அதைக் காத்துவந்த குருக்கள் 'கப்பெல்லானி' எனப்பட்டார்கள். இன்று படைப்பிரிவுகளில் ஆன்மப் பணியாற்றும் குருக்களைக் குறிக்க நாம் வழங்கும் 'சாப்ளின்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. போரிட மறுத்தவரின் போர்வை போர்க்கொடியாகிவிட்டது. நாடுகள் கிறிஸ்துவையும் இப்படித்தானே நடத்தி வந்திருக்கின்றன?

போரில் ஈடுபடும் ஒரு நாடு கிறிஸ்தவ நாடாக இருக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதை நான் எளிதாகக் கேட்கவில்லை. நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடும் தாய்மார்கள் என் கோவிலிலும் உண்டு. எல்லையில் குளிரிலும் பனியிலும் நிற்கும் ஒருவனைக் குருமனையில் அமர்ந்துகொண்டு பழிப்பது குருத்துவத்துக்கு அழகாகாது. கேள்வி அவனைப் பற்றியதன்று. அவனை அனுப்பிவிட்டுத் தன் செயலுக்குக் கடவுளின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் நாட்டைப் பற்றியது.

1914-ஆம் ஆண்டின் ஐரோப்பாவைப் போல இக்கேள்விக்கு ஏற்ற களம் வேறில்லை. அன்று மோதத் தொடங்கிய பெருநாடுகள் ஏறக்குறைய எல்லாமே திருமுழுக்குப் பெற்ற மக்களின் நாடுகள். பிரான்சும் பெல்ஜியமும் ஆஸ்திரியாவும் கத்தோலிக்கப் பாரம்பரியம் கொண்டவை. இங்கிலாந்தும் பிரஷ்யாவும் சீர்திருத்தச் சபையினருடையவை. இரஷ்யா கீழைத் திருச்சபையின் பெருங்கோட்டை. பிரஷ்யப் படைவீரனின் இடைவாரில் 'கடவுள் நம்மோடு' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவனை எதிர்த்து நின்ற இரஷ்யப் பேரரசின் அரச இலச்சினையிலும் பொருளால் அதே சொற்களே இருந்தன. 'கடவுள் நம்மோடு' என்பது யாருடைய பெயர்? இம்மானுவேல்! பெத்லகேமின் மாட்டுத்தொழுவில் பிறந்த குழந்தையின் பெயரை எதிரெதிரே நின்ற இரு படைகளும் தாங்கிக்கொண்டன. இரு தரப்பு ஆலயங்களிலும் வெற்றிக்காக மன்றாட்டுகள் எழுந்தன. தந்தையாகிய கடவுள் எந்தப் பிள்ளையின் மன்றாட்டைக் கேட்பார்?

அரசர்களோ உறவினர்கள். ஜெர்மனியின் வில்லியமும் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா அரசியின் பேரர்கள். இரஷ்யாவின் நிக்கோலஸ் அந்த அரசியின் பேர்த்தியை மணந்தவர். இதை எண்ணும்போதெல்லாம் நம் புறநானூற்றுப் புலவர் கோவூர்கிழார் நினைவுக்கு வருகிறார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும் அவர் துணிந்து ஓர் உண்மையைச் சொன்னார். இருவர் சூடியிருப்பதும் ஆத்திமாலையே. இருவருமே வெல்வது இயற்கையன்று. யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்றார். 1914-இல் போரிட்டவர்களும் ஒரே மாலையைச் சூடியவர்களே. திருமுழுக்கு என்னும் அந்த மாலையைச் சுட்டிக்காட்ட அன்று ஒரு கோவூர்கிழார் இல்லையா?

இருந்தார். பதினைந்தாம் பெனடிக்ட் என்பது அவர் பெயர். போர் மூண்டு ஒரு மாதம் ஆன நிலையில், 1914 செப்டம்பர் 3 அன்று திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு நாளிலேனும் ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு அவர் வேண்டினார். அரசுகள் செவிசாய்க்கவில்லை. ஆனால் வியப்பிலும் வியப்பாக, பெல்ஜிய, பிரெஞ்சு எல்லைப் பகுதியின் பதுங்குகுழிகளில் ஆங்கிலேய வீரர்களும் ஜெர்மானிய வீரர்களும் பல இடங்களில் தாமாகவே வெளியே வந்து கைகுலுக்கினார்கள். கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடினார்கள். ஓரிடத்தில் இரு தரப்பினரும் தம்மிடையே கிடந்த பிணங்களைச் சேர்ந்தே அடக்கம் செய்து, ஆண்டவரை ஆயராகப் போற்றும் 23-ஆம் திருப்பாடலை ஆங்கிலத்திலும் ஜெர்மானிய மொழியிலும் செபித்தார்கள். செய்தி எட்டியதும் மேலிடம் சினந்தது. இனி இவ்வாறு நிகழக்கூடாது என்று கண்டிப்பான ஆணைகள் பிறந்தன. ஒரு நாள் கிறிஸ்தவர்களாக நடந்துகொண்டவர்கள் தனி மனிதர்கள். அதைத் தடைசெய்தவை கிறிஸ்தவ நாடுகள் எனப்பட்டவை.

1917 ஆகஸ்ட் 1 நாளிட்ட தம் அமைதித் திட்டத்தில் திருத்தந்தை அப்போரை வீண் படுகொலை என்று சாடினார். அதன் விளைவு என்ன? பிரெஞ்சுக்காரர்கள் அவரை ஜெர்மனியின் பாப்பு என்றார்கள். ஜெர்மானியர்கள் பிரான்சின் பாப்பு என்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் மாநகரின் மதலேன் ஆலயத்தில், பேராயர் கர்தினால் ஆமெத்தின் முன்னிலையில், செர்த்தில்லாஞ்சு என்னும் தொமினிக்கன் சபைக் குரு மறையுரை ஆற்றினார். அக்குவினாஸ் தாமஸின் மெய்யியலைத் துறைபோகக் கற்ற பேரறிஞர் அவர். திருத்தந்தையே, உமது அமைதி அழைப்பை இப்போது எங்களால் ஏற்க இயலாது என்னும் கருத்தை அவர் பலிபீடத்தின் அருகே நின்று வெளிப்படையாக அறிவித்தார்.

அவரை எள்ளுவதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்த ஆலயத்தில் அமர்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கறுப்பு உடையணிந்த தாய்மாரும் கைம்பெண்களும் எத்தனை பேர்! மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அவர்களிடம், உங்கள் மகன் மடிந்தது வீண் படுகொலையில் என்று எந்தக் குருவால் சொல்ல இயலும்? போரின் மிகக் கொடிய கண்ணி இங்கேதான் இருக்கிறது. முதலில் மாண்டவர்களின் தியாகம் வீணாகக் கூடாது என்பதற்காக மேலும் பலர் மடிய வேண்டியதாகிறது. அவர்களுடைய தியாகமும் வீணாகக் கூடாதே! ஆகவே இன்னும் பலர். இறந்தோரின் நினைவே போருக்கு எரிபொருளாகிவிடுகிறது. அன்பிலிருந்து பிறந்த நினைவு, மேலும் அன்னையரை அழவைக்கிறது. எனவே போரில் மாண்டவர்களை எப்படி நினைவுகூர்வது என்பது சடங்கைப் பற்றிய கேள்வியன்று. உயிர்களைப் பற்றிய கேள்வி.

இக்கேள்விக்குத் திருச்சபை தந்த விடை ஒன்றை ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று என் கைகளால் நிறைவேற்றுகிறேன். அன்று ஒரு குரு மூன்று திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கலாம். இந்த வழக்கம் எப்போது வந்தது என்று பங்கு மக்களிடம் கேட்டால், தொன்றுதொட்டு என்பார்கள். ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளுக்கும் அவற்றின் ஆட்சிப் பகுதிகளுக்கும் 18-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கப்பட்ட சலுகை அது. உலகின் எல்லாக் குருக்களுக்கும் அதை விரித்தளித்தவர் பதினைந்தாம் பெனடிக்ட். நாள் 1915 ஆகஸ்ட் 10. போரில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த வேளை. ஒரு திருப்பலி குரு விரும்பும் கருத்துக்காக, ஒன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்காக, ஒன்று திருத்தந்தையின் கருத்துக்காக என்று அவர் வகுத்தார். இரண்டாவது திருப்பலியைக் கவனியுங்கள். அதில் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் என்ற பிரிவில்லை. போர்க்களத்தில் ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே இரசப்பாத்திரத்தின் முன் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டார்கள்.

அந்த ஆவணத்தின் தொடக்கச் சொற்கள் அதைவிட ஆழமானவை. திருச்சபை ஆவணங்களுக்கு அவற்றின் முதற்சொற்களே பெயராவது மரபு. இதன் இலத்தீன் பெயருக்குப் 'பீடத்தின் இரத்தம் சிந்தாப் பலி' என்று பொருள். ஐரோப்பா எங்கும் இரத்தம் ஆறாக ஓடிய ஆண்டில், ஒவ்வொரு நாடும் தன் இளைஞர்களின் சாவைப் 'புனிதப் பலி' என்று போற்றிய ஆண்டில், திருத்தந்தை இரத்தம் சிந்தாப் பலியைப் பற்றி எழுதினார். கிறிஸ்து ஒரே முறையாகத் தம்மைப் பலியாக்கினார் என்று எபிரேயர் திருமுகம் கற்பிக்கிறது. அப்படியென்றால் கல்வாரிக்குப் பின் மனித இரத்தம் கேட்கும் உரிமை எந்தப் பீடத்துக்கும் இல்லை. தாய்நாடு என்னும் பீடத்துக்கும் இல்லை. ஒருவன் பிறர் வாழத் தன் உயிரை ஈவது பேரன்பு. அதைக் கேட்டுப் பெறும் நாடு தன்னைப் பலி ஏற்கும் தெய்வமாக்கிக்கொள்வது சிலைவழிபாடு.

குருமடத்தில் நாங்கள் 'நீதியான போர்' பற்றிய கோட்பாட்டைப் பயின்றோம். விவிலியம் படைவீரனை வெறுத்து ஒதுக்கவில்லை. தம்மிடம் வந்த படைவீரர்களுக்கு, மிரட்டிப் பறிக்காமல் கூலியே போதுமென்றிருக்கத் திருமுழுக்கு யோவான் அறிவுரை கூறினார். நூற்றுவர் தலைவரின் நம்பிக்கையை இயேசுவே வியந்தார். அதே வேளையில், கி.பி. 295-இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்னும் இளைஞர், தாம் கிறிஸ்தவர் என்பதால் படையில் சேர மறுத்துத் தலை கொடுத்தார். திருச்சபை அவரை மறைசாட்சியாகப் போற்றுகிறது. பின்னர் புனித அகுஸ்தினார், குற்றமற்றோரைக் காக்க வேறு வழியில்லாதபோது போர் துயரமிகு கடமையாகலாம் என்றார். அக்குவினாஸ் தாமஸ் அதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: முறையான அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம்.

மூன்றையும் ஒப்புவித்துத் தேர்வில் தேறினோம். ஆனால் தாமஸ் இதை எங்கே வைத்துப் பேசுகிறார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே நான் கருத்தூன்றிப் பார்த்தேன். போர் பற்றிய வினாவை அவர் நீதி என்னும் தலைப்பில் வைக்கவில்லை. அன்பு என்னும் தலைப்பில், அமைதியைக் குலைக்கும் பிளவு, கைகலப்பு, கலகம் முதலியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறார். சில நேரங்களில் போர் பாவமாகாதிருக்கலாம் என்பதே அவருடைய வாதத்தின் எல்லை. அது புனிதமானது என்று அங்கே அவர் வாதிடவில்லை. நீதியானது வேறு, கிறிஸ்தவமானது வேறு. ஒரு மருத்துவர் உயிரைக் காக்கக் காலை வெட்ட நேரலாம். அதற்காக வெட்டுண்ட காலுக்கு விழா எடுப்பதில்லை.

முதல் உலகப் போரில் இத்தாலியப் படையின் மருத்துவப் பிரிவில் சார்ஜண்டாகவும் பின்னர் ஆன்ம குருவாகவும் காயமுற்றோரிடையே பணியாற்றியவர் ஆஞ்சலோ ரொங்கால்லி. இருபத்துமூன்றாம் யோவானாகத் திருத்தந்தை பொறுப்பேற்ற அவர், 1963-இல் 'அவனியில் அமைதி' சுற்றுமடலை எழுதினார். அவர் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965-இல் நகரங்களையே கண்மூடித்தனமாக அழிக்கும் போரைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமெனக் கண்டித்தது. நாட்டுக்காகப் படையில் பணிபுரிவோரை மதித்த அதே சங்கம், மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்போருக்கும் சட்டங்கள் மனிதத்தன்மையோடு இடமளிக்கக் கேட்டுக்கொண்டது. 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இன்றைய ஆயுதங்களின் அழிவாற்றலைக் கருதும்போது, 'நீதியான போர்' என்று பேசுவதற்கு முற்காலத்தில் வகுத்த அளவுகோல்களை இன்று கையாளுவதே மிகக் கடினம் என்று எழுதினார்.

ஆகவே என் விடை இது. திருமுழுக்கு மனிதருக்குரியது. எந்த நாட்டையும் எந்தக் குருவும் தொட்டியருகே நிறுத்தித் தண்ணீர் வார்த்ததில்லை. நாடு என்பது எல்லையும் சட்டமும் கருவூலமும் படையும் உடைய ஓர் அமைப்பு. அது நீதியாக நடக்கலாம், அநீதியாக நடக்கலாம். ஆனால் 'கிறிஸ்தவம்' என்னும் பெயரடையை அது சூடிக்கொள்ளும்போது மார்ட்டினின் போர்வையைத் திருடிக் கொடியாக்குகிறது. அதற்காக நாடுகள் கிறிஸ்துவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதன்று. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் மக்களினத்தார் எல்லாரும் மானிடமகன் முன் கூட்டப்படுகிறார்கள். எத்தனை போர்களில் வென்றீர்கள் என்று அவர் கேட்பதில்லை. பசித்தோர், அன்னியர், சிறைப்பட்டோர் ஆகியோரைப் பற்றியே கேட்கிறார். எதிரி நாட்டின் பசித்தோரும் அதில் அடங்குவர்.

இக்கேள்வியை அன்றே உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 1918-இல் பீரங்கிகள் ஓய்ந்த பின்னும் நேச நாடுகளின் கடல் முற்றுகை 1919 ஜூலை வரை தொடர்ந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பசியால் வாடினார்கள். இங்கிலாந்தில் எக்லாண்டைன் ஜெப் என்னும் ஆங்கிலிக்கன் பெண்மணி, பட்டினியால் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தைகளின் படங்களை அச்சிட்டு இலண்டன் தெருக்களில் வழங்கினார். அவரைக் கைதுசெய்து 5 பவுன் தண்டம் விதித்தார்கள். 'எதிரியின் குழந்தை' என்று ஒரு குழந்தை உலகில் இல்லை என்பதே அவருடைய வாதம். அவர் தொடங்கிய குழந்தைகள் காப்பு நிதியத்துக்குப் பதினைந்தாம் பெனடிக்ட் துணைநின்றார். 1919 டிசம்பரில் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று உலகெங்கும் ஆலயங்களில் மத்திய ஐரோப்பாவின் குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்டப் பணித்தார். கத்தோலிக்கத் திருத்தந்தையும் ஆங்கிலிக்கன் பெண்ணும் அக்குழந்தைகளின் பசியின் முன் ஒன்றானார்கள்.

இங்கே என் பங்கு அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஊரில், ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் பூசைக் கருத்து எழுத வருவார். 1971-ஆம் ஆண்டுப் போரில் தம் கண்ணெதிரே விழுந்த மூன்று தோழர்களுக்காக. பெயர்களைச் சொல்லும்போது எழுந்து நின்றுகொள்வார். ஓராண்டு பெயர்களை எழுதி முடித்த பின்பும் போகாமல் நின்றார்.

"என்ன, இன்னும் ஒன்று இருக்கிறதா?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு சாமி. ஆனா பேரு தெரியாது."

"உறவா?"

"இல்ல சாமி. எதிர்த்தாப்புல இருந்தவன். சின்னப் பையன். அவனுக்கும் சேத்து வைக்கலாமா? அவன் நம்ம வேதம் இல்ல."

இறந்தோர் அனைவருடைய நம்பிக்கையையும் கடவுள் ஒருவரே அறிவார் என்று நம் நற்கருணை மன்றாட்டு ஒன்று குறிப்பிடுவதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஏட்டில் நான்காவது வரியில், 'பெயர் ஆண்டவருக்குத் தெரியும்' என்று எழுதினேன். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். இறையியல் வகுப்பில் நான் கேட்ட எந்த விளக்கத்தையும்விட அந்த நான்காவது வரி எனக்குப் பலவற்றைக் கற்பித்தது. அவர் தம் பணியை இழிவாகக் கருதவில்லை, தம் பதக்கங்களைக் கழற்றி எறியவில்லை, தோழர்களை மறக்கவில்லை. ஆனால் அவருடைய நினைவில் எதிரிக்கும் ஓர் இடம் இருந்தது. அவருடைய நாட்டின் நினைவில் அந்த இடம் இல்லை. அந்தப் பையனுடைய நாட்டின் நினைவிலும் இவருடைய தோழர்களுக்கு இடம் இருந்திருக்காது.

நினைவு எவ்வளவு கடினமானது என்பதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஆஸ்திரிய நாட்டின் புனித இராதெகுண்டு சிற்றூரில் பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர் என்ற குடியானவர் வாழ்ந்தார். ஊர்க் கோவிலில் உபதேசியார் போலப் பணியாற்றிய கோவில் ஊழியர். இட்லரின் போர் அநீதியானது. அதில் நான் போரிட மாட்டேன் என்றார். குடும்பத்தை எண்ணிப் பாரும் என்று குருக்களும் லின்ஸ் மறைமாவட்ட ஆயரும் அறிவுறுத்தினார்கள். அவர் அசையவில்லை. காயமுற்றோருக்குப் பணி செய்யும் மருத்துவப் பிரிவில் சேர முன்வந்தார், நீதிமன்றம் ஏற்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. போருக்குப் பின் 1946-இல் அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை மறைமாவட்ட இதழில் வெளியிட விரும்பியபோது ஆயர் இசையவில்லை. தம் கடமையை நிறைவேற்றிப் போரில் மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே மேலான வீரர்கள் என்பது அவர் கருத்து. அந்த ஆயர் கொடியவரல்லர். மகன்களை இழந்த ஆயிரக்கணக்கான பெற்றோருக்கும் அவரே மேய்ப்பர். ஒருவருடைய மறுப்பைப் போற்றினால் மற்றவர்களின் சாவு பொருளற்றதாகிவிடுமோ என்று அஞ்சினார். மதலேன் ஆலயத்தில் ஒலித்த அதே அச்சம்! 2007 அக்டோபர் 26 அன்று அதே லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை யாகர்ஸ்டாட்டரை அருளாளராக அறிவித்தபோது, 94 வயதான அவருடைய மனைவி பிரான்சிஸ்கா முன்வரிசையில் இருந்தார். அந்த அறுபது ஆண்டுகளில் ஆஸ்திரியத் தாய்மாரின் கண்ணீர் மதிப்பிழந்துவிடவில்லை. மறுத்தவருக்கும் மடிந்தவருக்கும் ஒரே திருச்சபையில் இடமிருக்கிறது.

நம் தமிழ் நிலத்திலும் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயர் பொறித்துப் போற்றிய மரபு உண்டு. ஆனால் முதல் உலகப் போர் இங்கு விட்டுச்சென்ற கற்கள் வேறு வகை. இன்றும் சில சிற்றூர்களில் சுவரில் பதித்த சிறு கல்லொன்றைக் காணலாம். இவ்வூரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் ஈந்தனர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. கடல்கடந்து சென்ற இந்திய வீரர்கள் 10 இலட்சத்துக்கும் மேல். மாண்டவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். தமதல்லாத அரசுக்காக, தமக்கு எந்தத் தீங்கும் செய்யாத எதிரியோடு போரிட்டு மடிந்தவர்கள் அவர்கள். உயிரை 'ஈந்தனர்' என்று கல் கூறுகிறது. எத்தனை பேர் ஈந்தார்கள், எத்தனை பேரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்று கல்லுக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்.

இதற்கு மாறான ஒரு நினைவிடம் வட பிரான்சில் இருக்கிறது. லொரேத்து அன்னையின் பெயர் தாங்கிய குன்றொன்றில், பிரெஞ்சு வீரர்களின் பெருங்கல்லறைத் தோட்டமும் அதன் நடுவே அன்னையின் ஆலயமும் உள்ளன. அவற்றுக்கு எதிரே 2014 நவம்பர் 11 அன்று, மார்ட்டின் திருநாளன்று, 'நினைவு வளையம்' என்னும் பெரிய வட்டச் சின்னம் திறக்கப்பட்டது. அப்பகுதியில் மாண்ட 5,79,606 பேரின் பெயர்கள் அதன் உட்புறத்தில் அகரவரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. தளபதி, சிப்பாய் என்ற வேறுபாடில்லை, நாடு குறிப்பிடப்படவில்லை, நண்பன், பகைவன் என்ற பிரிவில்லை. சிங் என்ற பெயர்களும் அதில் உண்டு. அகரவரிசைக்குக் கொடி தெரியாது. ஒரு ஜெர்மானியத் தாயின் மகனும் அவன் சுட்டு வீழ்த்திய பிரெஞ்சுக்காரனும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கக்கூடும். இரண்டாவது திருப்பலியில் பெனடிக்ட் செய்ததை, நூறாண்டுகளுக்குப் பின் ஒரு குடியரசு உலோகத் தகடுகளில் செய்திருக்கிறது.

போரிடும் நாடு கிறிஸ்தவ நாடாக இருக்க முடியாது. ஆனால் போரில் மாண்டவர்களைக் கிறிஸ்தவர்களாக நினைவுகூர நம்மால் முடியும். அதற்கு மூன்று செயல்கள் போதும் என்று எண்ணுகிறேன். முதலாவது, மாண்டவனை மதித்து அவன் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் சாவை அடுத்த போருக்கு விளம்பரமாக்க இடங்கொடுக்கலாகாது. இரண்டாவது, போரிட மறுத்தவனைக் கோழை என்று ஏசாதிருக்க வேண்டும்; மார்ட்டினையும் அப்படித்தான் ஏசினார்கள். மூன்றாவது, எதிரில் நின்றவனுக்கும் நம் மன்றாட்டில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். இவை அரசுகள் ஆணையிட்டு நடப்பவையல்ல. வீட்டுச் செபத்தில் ஒரு தாய் தொடங்கக்கூடியவை.

போரின் செய்தியை நாம் இன்றும் நாள்தோறும் கேட்கிறோம். ஒவ்வொரு தரப்பும் கடவுளைத் தன் பக்கம் இழுக்கிறது. கிறிஸ்து எந்தப் பக்கம் இருக்கிறார் என்று நம் பிள்ளைகள் கேட்டால், ஆமியேன் நகர வாயிலைக் காட்டுங்கள். குதிரைமேல் இருந்த படைவீரனிடத்தில் அல்லாது, குளிரில் நடுங்கியவனிடத்தில் அவர் இருந்தார். போர்வை அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.